அடிக்கட்டையில் உட்கார்ந்த இருவாச்சி

ஒரு மலைச்சரிவில் மகுடன் என்ற இருவாச்சிப் பறவை வாழ்ந்து வந்தது. பெரிய மஞ்சள் அலகு, தலைமேல் கிரீடம் வைத்தாற்போல ஒரு கொம்பு! பெருமையில் கால் தரையில் பாவாது என்பார்களே, மகுடனுக்கு நிஜமாகவே பாவாது. உச்சிக்கிளையைத் தவிர வேறெங்கும் உட்காராது.

அந்தச் சரிவின் மரங்களையெல்லாம் மனிதர்கள் வெட்டி, லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு கிழட்டு மரம். அதன் பொந்தில் மகுடனின் மனைவி பொன்னலகி குஞ்சோடு இருந்தது. குல வழக்கப்படி வாசலை மண்ணால் அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது. மகுடன் மொட்டைச் சரிவைத் தாண்டிப் போய், ஓடைக்கு அக்கரைக் காட்டிலிருந்து பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டும். தின்ற பழத்தின் கொட்டைகளை மூன்று பறவைகளும் மரத்தடியிலேயே துப்பும்.

ஒருநாள் பலத்த காற்றில் மரம் கிறீச்சிட்டது. பொன்னலகி சந்து வழியாக அலகை நீட்டியது.

"என்னங்க, இந்த மரம் சாய்ஞ்சா நம்ம பிள்ளை எங்கே குடியிருக்கும்? அக்கரைக் காட்டுல ஒரு பொந்துகூட காலியா இல்லையே!"

"கவலையை விடு! கீழே பாரு, நூறு கன்று முளைச்சிருக்கு. எல்லாம் நாம போட்ட கொட்டை!"

"போன வருஷமும் நூறு முளைச்சுது. ஒண்ணாவது உங்க உயரத்துக்கு வந்துச்சா? நிழல்ல வெயில் படாம வெளுத்துச் சாகுது. சரிவுல கொண்டுபோய்ப் போடுங்க!"

மறுநாள் மகுடன் பறந்துகொண்டே கொட்டைகளைத் துப்பியது. அவை சரிவில் உருண்டோடி ஓடைக்குள் விழுந்தன. மீன்கள் வேடிக்கை பார்த்தன.

"உட்கார்ந்து போடணுங்க! வெட்டின மரத்தோட அடிக்கட்டை ஓரமா மண் நிக்கும். அங்கே வைங்க" என்றது பொன்னலகி.

"அடிக்கட்டையிலயா? தரையிலேருந்து ரெண்டு சாண் உயரம்! நான் யாரு, என் கொம்பு என்ன! காக்கா சிரிக்கும்!"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. மரம் சாய்ஞ்சா அழப்போறது நாமதான்!"

அப்போது சந்து வழியாக ஒரு குட்டி அலகு நாவல் கொட்டையை நீட்டியது. "அப்பா, என்னோடதையும் கொண்டு போ!"

மகுடனுக்கு மனசு இளகிவிட்டது. கொட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பியது.

அடிக்கட்டையில் அது உட்கார்ந்ததுதான் தாமதம், காகம் வந்து சேர்ந்தது.

"வாங்க ராசா! சிம்மாசனம் சின்னதாப் போச்சே!"

மகுடனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கொட்டையை ஈரமண்ணில் அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தது.

"ஆமா, சின்னதுதான். அதைப் பெருசாக்கத்தான் வந்திருக்கேன்!"

அன்று முதல் தினமும் வந்தது. பொந்தை உடைத்துக்கொண்டு மனைவியும் மகளும் வெளியே வந்த பிறகு, மூன்றும் மூன்று அடிக்கட்டைகளில் உட்கார்ந்தன. காகம் சிரித்துச் சிரித்து, அலுத்துப்போய்ப் பேச்சை விட்டுவிட்டது.

இருபது மழைக்காலம் போயிற்று. ஒரு புயலில் கிழட்டு மரம் வேரோடு சாய்ந்தது. அதன் உச்சியில் கூடு கட்டியிருந்த காகம், நனைந்த சிறகோடு சரிவுக்கு வந்தது. அங்கே மொட்டைச் சரிவையே காணோம். நாவலும் அத்தியுமாகக் காடு நின்றது!

"ராசா... ஒரு கிளை கிடைக்குமா?"

"தாராளமா! நீ சிரிச்ச கட்டைக்குப் பக்கத்து மரம்தான். ஏறி உட்காரு!" என்றது மகுடன்.

அந்த மரத்தின் பொந்திலிருந்து மகளின் அலகு எட்டிப் பார்த்தது. "அப்பா, உங்க மருமகன் ஊட்டின பழம். இந்தாங்க கொட்டை!"

கிழ இருவாச்சி அதை வாங்கிக்கொண்டு, காகம் பார்க்கப் பார்க்க, தரைக்கே இறங்கியது.

நல்ல காரியத்துக்காகக் கீழே இறங்குகிறவருக்குக் கௌரவம் ஒருநாளும் குறைவதில்லை.