கூப்பிடு தூரம்

"டீச்சர், நான் சொன்னது தப்பா?"

ரெங்கசாமி இதைக் கேட்டபோது இந்திராணி, பாதையில் சாய்ந்து கிடந்த கொடியைப் பாராங் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"கூப்பிடு தூரந்தான்னு சொன்னேன்."

"யாருகிட்ட?"

"செத்துப்போன தர்மலிங்கத்துகிட்ட."

கத்தி நின்றது.

பினாங்கில் கடலுக்கும் மலைக்கும் நடுவே ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு விடிந்தால் ஊரில் கால் உள்ளவர்கள் பாதிப் பேர் மலைப்பாதையில்தான் இருப்பார்கள். இந்திராணிக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. ஞாயிறுதோறும் ஆட்களை மலைக்கு அழைத்துப்போவார். எங்கே காலை வைக்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அதனால் டீச்சர்.

ரெங்கசாமிக்கு அறுபத்திரண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து நடக்க வந்தவர், ஆறு வருஷமாக டீச்சரை விடவில்லை. மாணவர் வயதில் மூத்தவர் என்பதில் இரண்டு பேருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

மலையேறுகிறவர்களிடம் ஒரு பொய் புழங்குகிறது. ஏறுகிறவன் மூச்சு வாங்க, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பான். இறங்குகிறவன், இதோ வந்துவிட்டது என்பான். வந்திருக்காது. ஊக்கம் கொடுக்கிறானாம்! கீழே போய் அவன் ரொட்டி சானாய் தின்னும்போது சொன்னதே மறந்துபோயிருக்கும். நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதில் இன்றுவரை வெட்கம்தான்.

"எங்க பாத்தீங்க அவரை?" என்றார் இந்திராணி.

"மூணாவது கொட்டகையில. பதினாலு நாளைக்கு முன்னாடி. நான் எறங்குறேன், அவரு ஏறுறாரு. உச்சிக்கு எவ்வளவு தூரம்னு கேட்டாரு. சொன்னேன். நன்றி சொல்லிட்டுப் போனாரு."

போனவர் உச்சிக்குக் கீழே உள்ள சரிவில் விழுந்தார். கால் ஒடிந்து ஓடையில் கிடந்தார். மறுநாள் மத்தியானம்தான் தேடிப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். அப்போது உயிர் இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இந்திராணி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு இப்ப ஏன் கேக்குறீங்க, அண்ணே?"

"சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தம்மா அழலை, டீச்சர். பெட்டி முன்னால நின்னுக்கிட்டுத் திட்டுது. 'பன்னெண்டு மணிக்கு வந்துடறேன்னு சொன்ன மனுஷன். மலையைப் பாத்தா பொண்டாட்டி மறந்துபோகும்'னு திட்டுது. நான் சுவரோரமா நின்னேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்ல? நானா புடிச்சுத் தள்ளினேன்? நல்லதுக்குத்தானே சொன்னேன்? எல்லாரும் சொல்றதுதானே லா. தப்பில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

இந்திராணி கத்தியை உறையில் போட்டார்.

"வாங்க."

மூன்றாவது கொட்டகை என்பது நான்கு கம்பமும் தகரக் கூரையும் ஒரு பெஞ்சும். நடக்க வருகிறவர்களே தண்ணீர் சுமந்து வந்து அங்கே தேநீர் கொதிக்க வைப்பார்கள். அன்று யாரும் இல்லை.

"எங்க நின்னு சொன்னீங்க?"

ரெங்கசாமி காட்டினார். அந்த இடத்திலேயே இந்திராணி உட்கார்ந்துகொண்டார்.

"நான் இங்கேயே இருக்கேன். அவரு விழுந்து கெடந்த எடத்துக்குப் போங்க. அங்கேருந்து என்னைக் கூப்பிடுங்க. கேட்டா பதில் கொரல் குடுக்குறேன்."

"கேக்கலைன்னா?"

"கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

ரெங்கசாமிக்கு ஏறத் தெரிந்த பாதைதான். ஆனாலும் அன்று ஒவ்வொரு வளைவிலும் மணி பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஓடையை எளிதாகக் கண்டுபிடித்துவிட்டார். தேடி வந்தவர்கள் மிதித்த செடிகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அறுந்த மஞ்சள் நாடா ஒன்று மரத்தில் தொங்கியது. வேரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இலைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. பாலம் தெரிந்தது, பாலத்தில் போகும் லாரி தெரிந்தது.

"டீச்சர்!"

முதல் தடவை வெட்கமாக இருந்தது. பெரிய மனிதன் காட்டில் நின்று கத்துவதாவது.

ரெங்கசாமியின் குரலைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கிரேனின் இரைச்சலைத் தாண்டி நாற்பது வருஷம் கத்திய குரல். வாயில் கை குவித்து அதே குரலில் கூப்பிட்டார். பத்துத் தடவை. இருபது தடவை. கூப்பிட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். காற்று கடலிலிருந்து ஏறி வந்து குரலை மேலேதான் தள்ளியது.

பாறையில் உட்கார்ந்து கூப்பிட்டார். நாக்கு வறண்டது. பையில் தண்ணீர் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டார். தொண்டையில் ரத்த ருசி வந்தது.

ஒரு கட்டத்தில் அவர் வாயிலிருந்து 'டீச்சர்' என்று வரவில்லை.

"யாராச்சும் இருக்கீங்களா?"

அதைக் கேட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்த ஓடையில் உட்கார்ந்து, பெண்டாட்டி செத்தபோது அழாத அழுகையை அழுதார்.

கொட்டகைக்குத் திரும்பும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. இந்திராணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா?" ரெங்கசாமியின் குரல் காற்றாக வந்தது.

"இல்லை."

குடுவையிலிருந்து பாலில்லாத தேநீர், தே ஓ, ஊற்றி நீட்டினார்.

"தப்பா இல்லையான்னு கேட்டீங்களே, அண்ணே."

"வேணாம், டீச்சர்."

தே ஓவைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"நீங்களும் கூட வர்றீங்களா?"

"எங்க?"

"அந்தம்மா வீட்டுக்கு."

"கூப்பிடு தூரம்னு நானா சொன்னேன்?" என்றார் இந்திராணி.

தர்மலிங்கத்தின் வீடு அடுக்குமாடியில் ஏழாவது மாடி. ரெங்கசாமி தனியாகத்தான் போனார். மனைவி புஷ்பவதி கதவைத் திறந்தார். கூடத்தில் படம் இருந்தது, விளக்கு இருந்தது. படத்துக்கு மாலை இல்லை.

"அவரு கூட்டாளியா?"

"இல்லம்மா. மலையில பாத்தவன்."

"அப்ப உங்களுக்கும் அதே கிறுக்குதான். உக்காருங்க."

ரெங்கசாமி உட்காரவில்லை. டீச்சரிடம் சொன்னதைச் சொன்னார். சொல்லாமல் விட்டதையும் சொன்னார்.

"அவரு தூரம் மட்டும் கேக்கலைம்மா. 'மணி பத்தரை ஆயிடுச்சு, நான் திரும்பிடறேங்க'ன்னாரு. 'இன்னிக்கு மீன் கறி ஆக்குறா. நான் போகாம அவ சாப்பிட மாட்டா'ன்னாரு. சொல்லிட்டு நாலு அடி எறங்கிட்டாரு. நான்தான் நிறுத்தினேன். இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சியைப் பாக்காமப் போறதான்னேன். கூப்பிடு தூரந்தான்னேன். ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புஷ்பவதி அவரைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் கண் நிறைந்தது.

அடி விழும், வசவு விழும் என்று ரெங்கசாமி நின்றார். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் புஷ்பவதி.

"நான்தாம்மா கூப்பிடு தூரம்னு..."

"நீங்க சொன்னது எனக்கு வேணாம். அவரு சொன்னதைச் சொல்லுங்க."