ஓலையில் திரித்த கயிறு

தனித்தனியாக இருந்தால் குழந்தைகூட அறுத்துவிடும். மூன்றும் சேர்ந்தால் கப்பலையே கட்டி வைக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! தெரியாவிட்டால் கதையைக் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன் கடலோர நாடு ஒன்றைக் கருங்கோ மன்னன் ஆண்டுவந்தான். நினைத்தால் நினைத்ததுதான் அவனுக்கு. அந்நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் பழைய சுவடி ஒன்று இருந்தது. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் எப்படி ஒரே கடவுள் என்று விளக்கும் சுவடி. எழுதியவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

"எழுதியவர் குடும்பத்துக்கே தலைமைப் புலவர் இருக்கை!" என்று மன்னன் திடீரென்று அறிவித்தான்.

அவைப் புலவர் குரியாக்கோசு துள்ளி எழுந்தார். "எழுதியவர் என் முன்னோர் சீலாசு குரு, அரசே! தேங்காய் நாரைத் தொட்டறியாத குடும்பம் எங்களுடையது."

நார் திரிக்கும் தெருவின் சார்பில் பத்து வயதுச் சாறா நின்றாள். "எங்க குடும்பத்து மார்த்தாள் எழுதினது, ராசா."

"கயிறு திரிக்கிறவளுக்குக் கடவுளைப் பற்றி என்னம்மா தெரியும்?" என்றார் குரியாக்கோசு. அவையே சிரித்தது.

அமைச்சர் பூதனார் மட்டும் சிரிக்கவில்லை. "புலவரே, மன்னருக்கு நீங்கள் படியெடுத்த சுவடியில் கயிற்று உவமை வருமே, படியுங்கள்."

"'மூன்று புரிகளையும் வலப்பக்கம் முறுக்கு, சேர்த்து மீண்டும் வலப்பக்கமே முறுக்கு. மூவர் ஒருவராவது இப்படியே.'"

"அப்படியே செய்து காட்டுங்களேன்" என்று நாரை எடுத்துக் கொடுத்தார் பூதனார்.

குரியாக்கோசு வியர்க்க வியர்க்க முறுக்கினார். கையை விட்டார். கயிறு சுழன்று மூன்றாகப் பிரிந்து விழுந்தது.

தெருவில் தலைமுறையாகக் காத்துவந்த பழைய சுவடியைச் சாறா படித்தாள். "'சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்கு.'" அப்படியே திரித்துக் கொடுத்தாள். மன்னனும் இரண்டு காவலரும் இழுத்தும் பிரியவில்லை.

"உங்கள் படியில் மட்டும் ஏன் வலப்பக்கம்?" என்றார் பூதனார்.

குரியாக்கோசுவின் காது எரிந்தது. கடவுள் உவமையில் எதிர்த்திசை எதற்கு, எழுதியவர் தவறியிருப்பார் என்று படியெடுக்கும்போது அவர்தாம் மாற்றியிருந்தார். திருத்திய பெருமையில் அன்று இரண்டு பணியாரம் கூடுதலாகவும் சாப்பிட்டார்.

"நான்... திருத்தினேன்."

"நாரைத் தொட்டறியாதவர் எழுதினால் உங்களைப் போல்தான் எழுதுவார். இது நார் திரித்துக் காய்த்த கை எழுதிய வரி" என்றார் பூதனார்.

குரியாக்கோசு சாறாவின் உள்ளங்கையைப் பார்த்தார். தம் கைகளை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார்.

"இருக்கை சாறா குடும்பத்துக்கு!" என்றான் மன்னன். "முதல் ஓலையில் மார்த்தாள் பெயர் ஏறட்டும். யார் எழுதட்டும், சாறா? நானா, அமைச்சரா? யாரைச் சொன்னாலும் சரி."

சாறா குரியாக்கோசுவைக் காட்டினாள்.