நாலு மணி ஆறு

வானத்துக்குப் பக்கத்தில், மரமே முளைக்காத ஒரு குளிர்ப் பாலைவனத்தில், ஒரு பழைய கெட்டில் இருந்தது. ஆடு மேய்க்கும் யாங்டோல் தினமும் மத்தியானம் அதை வறண்ட ஆற்றின் நடுவில் வைப்பாள். அதன் வாயை மலைப்பக்கம் திருப்பிவிட்டுக் கூழாங்கல் மேல் உட்கார்ந்துகொள்வாள்.

அன்று அங்கே வரைபடம் போட ஒரு பேனா வந்து சேர்ந்தது. மூன்று நாளாக ஊற்று ஊற்றாகத் தேடி அலைந்த களைப்பு அதற்கு.

"வந்தது வந்தீங்க, உட்காருங்க. டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் யாங்டோல்.

"எங்கே பார்த்தாலும் மணலும் கல்லும். இதில டீயா? 'தண்ணீர் இல்லை'ன்னு எழுதிட்டு நான் கிளம்பறேன்."

யாங்டோல் சிரித்துக்கொண்டாள். கெட்டிலுக்குத்தான் பகீரென்றது. அப்படி எழுதிவிட்டால் வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிகள் ஆட்டுப் பாதையை உப்பு ஏரிப் பக்கம் மாற்றிவிடுவார்கள். உப்புத் தண்ணீரை எந்த ஆடு குடிக்கும்?

"எழுதிடாதே! பனிமலை வெயிலில உருகணும், இறங்கணும். நாலு மணிக்கு ஆறு இங்கே இருக்கும்!" என்று கத்தியது கெட்டில்.

"நேரம் பார்த்து வர்றதுக்கு ஆறு என்ன பஸ்ஸா?" என்றது பேனா. "குறைகுடம் கூத்தாடும்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்கே காலிக் கெட்டிலே கூத்தாடுது!"

கெட்டிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பேனா குனிந்து 'தண்ணீர்' என்று எழுதியேவிட்டது. அடுத்த சொல்லுக்கு மை இறங்கவில்லை. காய்ந்த காற்றில் முள்ளிலேயே உலர்ந்துபோயிருந்தது. உதறியது. மறுபடியும் உதறியது. ம்ஹூம்.

"முள்ளை நனைக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா?" பேனாவின் குரல் இறங்கியிருந்தது.

"கொஞ்சம் பொறு, தர்றேன்" என்றது கெட்டில்.

அப்போது மேலே கற்கள் கடகடவென்று உருண்டன. அறுபது ஆடுகளும் ஒரே நேரத்தில் காதைத் தூக்கின.

"வருது! வருது!" கெட்டிலின் மூடி குதித்தது. மண் நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, வளைவு திரும்பி ஓடிவந்தது தண்ணீர். ஆடுகள் முண்டியடித்தன. கெட்டில் கழுத்து வரை நிறைந்தது. அப்பாடா, என்ன சந்தோஷம்!

"கேட்டாயே, இந்தா" என்று ஒரு சொட்டுச் சிந்தியது. "ஆரம்பிச்சதை எழுதி முடி."

நனைந்த முள்ளோடு பேனா வரைபடத்தின் மேல் குனிந்தது. பிறகு எழுதி முடித்தது.

இன்றைக்கும் அந்த வரைபடத்தில் அந்த ஆற்றின் பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது:

'தண்ணீர் நாலு மணிக்கு வரும். வந்தவர்கள் உட்காரவும்.'