சுண்ணாம்புத் தெருவுக்கு வந்த நாற்பது மிருதங்கம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் சந்தனமாரி. என் மூத்தவள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று, மஞ்சள் இடித்துக்கொண்டே சொன்னாள்.

செம்பியூர் ராஜாவுக்கு இரக்க குணம் அதிகம். ஆண்டவன் அவரை நல்லா வைக்கட்டும். அவர் ஊர் சுண்ணாம்புத் தெருவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பிள்ளைகள்தான் விடியலில் ஆற்றுக்கு நடந்து குடம் சுமப்பார்கள்.

"ஆத்துலருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் குடுங்க சாமி," என்று சூளைக்காரி பேச்சி வந்து நின்றாள்.

ஆஸ்தான வித்வான் கனகசபையர் குறுக்கிட்டார். "வாய்க்கால் தொண்டையைத்தான் நனைக்கும், மகாராஜா. பிள்ளைகளுக்கு மிருதங்கம் கொடுங்கள். வரிசையாக உட்காருவார்கள், சொன்னதைக் கேட்பார்கள். வறுமை தானே ஓடிவிடும்."

எப்பேர்ப்பட்ட ஞானம் பாருங்கள். நாற்பது மிருதங்கம் வந்தது. மண்டபம் வந்தது. மண்டபத்து நெற்றியில் ராஜா பெயரும் வந்தது. வாய்க்கால்தான் வழி தெரியாமல் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, தெருவில் கட்டிய அந்த மண்டபத்தில் அரங்கேற்றம். பக்கத்து ராஜாக்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். உச்சி வெயில். மிருதங்கத்தின் இடப்பக்கம் ரவையை நல்ல தண்ணீரில் பிசைந்து அப்பினால்தான் நாதம் பேசும். விடியலிலிருந்து ஒத்திகை என்பதால் அன்று ஒரு பிள்ளையும் ஆற்றுக்குப் போகவில்லை. தெருவில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

வித்வான் கையைப் பிசைந்தார்.

"ராஜா குடிக்கக் கொண்டுவந்த வெள்ளிக் குடம் இருக்கே ஐயரே, எடுத்துக்குங்க," என்றார் மந்திரி உலகுடையான்.

நாற்பது மிருதங்கத்துக்கு ரவை பிசைந்து, நாற்பது ஜோடிக் கையும் கழுவினதில் குடம் காலி.

கச்சேரி அமோகம். மூன்றாவது கீர்த்தனையில் ராஜாவுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"உலகுடையான், தண்ணீர்."

"தீர்ந்துபோச்சு, மகாராஜா."

"யாரையாவது எடுத்துவரச் சொல்லும்."

"எடுத்து வர்றவங்கதான் இதோ வரிசையா உட்கார்ந்து வாசிக்கிறாங்க. நிறுத்தச் சொல்லவா?"

வித்வான் பதறினார். "அபசாரம். இன்னும் மூன்றே கீர்த்தனைதான். மகாராஜா கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

"நான் தாகத்தில் சாகிறேன், இவர் பொறுக்கச் சொல்கிறாரே," என்றார் ராஜா.

மந்திரி பணிவாகக் குனிந்தார். "பேச்சிகிட்ட ரெண்டு வருஷமா நாம சொல்றது இதுதான், மகாராஜா. அவ ஒரு தடவைகூட முகம் சுளிக்கலை."

பக்கத்து ராஜாக்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் ராஜா சிரித்தே ஆக வேண்டியிருந்தது. வறண்ட சிரிப்புதான். ஆனாலும் வாய்க்காலுக்கு அங்கேயே ஆணை பிறந்தது. மந்திரிக்கு முத்துமாலை.

"மிருதங்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவா?" என்று பேச்சியைக் கேட்டார் ராஜா.

"இருக்கட்டும் சாமி. பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு. தண்ணி குடிச்சிட்டு வாசிக்கட்டும்."

சரி, நான் சாமிக்கு விளக்கேற்றப் போகிறேன். அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.