துண்டுக்கு அடியில்

"எந்த விலைக்கு வித்தா மனசு நிறையும், சாமி?"

சாமியாரிடம் கேட்டவன் முறுக்குக் கடை வீரமலை. மணப்பாறையில் ஒத்தை அடுப்போடு ஆரம்பித்த ஆள். இன்றைக்கு வெளியூர்க்காரனெல்லாம் கடை பேரைச் சொல்லித்தான் முறுக்கு கேட்கிறான். அந்தக் கடையைப் பேரோடு சேர்த்துத் திருச்சிக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். காலையில் முன்பணத்தோடு வருகிறார்.

இவன் ஒரு விலை சொன்னானாம். அவர் சரி என்றாராம். குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்றிச் சொன்னான். அதற்கும் சரி என்றார். அப்போதும் இறங்கவில்லை. கேட்டதைக் கொடுக்கிற மனுசனிடம் இன்னும் என்னத்தைத்தான் எதிர்பார்க்கிறாய் என்று பெண்சாதி ஏசுகிறாளாம்.

சாமி சிரித்தார்.

சாமியாவதற்கு முன்னால் அவர் மாட்டுத் தரகர். எல்லாத்தையும் விட்டவர், தோள் துண்டை மட்டும் விடவில்லை.

மாட்டுச் சந்தையில் வாயால் விலை பேசமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

சாமி வலது கையை நீட்டி, துண்டைப் போட்டு மூடினார்.

"நான்தான் திருச்சிக்காரன்னு வச்சுக்க. விரலுக்குப் பத்து லட்சம். பிடி."

வீரமலை கையை உள்ளே விட்டு இரண்டு விரலைப் பிடித்தான்.

சாமி தலையாட்டினார்.

மூன்றைப் பிடித்தான்.

அதற்கும் தலையாட்டினார்.

இவர் எதுவரைக்கும்தான் போவார், பார்த்துவிடுவோம் என்று ஐந்தையும் சேர்த்துப் பிடித்தான்.

"தந்தேன்," என்றார் சாமி. "இனி அடுப்பு என் அடுப்பு. மாவு என் மாவு. காலையில எந்திரிச்சு நீ அந்தப் பக்கம் வரவேண்டியதில்ல."



சாமி காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தார்.

"வீரமலை."

"சாமி?"

"விலை படிஞ்சாக் கையை எடுக்கணும்."

"எடுத்துட்டேனே சாமி."

சாமி இடது கையால் துண்டை இழுத்துக் கீழே போட்டார். அவருடைய ஐந்து விரலும் வீரமலையின் பிடிக்குள் வெளுத்துப் போய்க் கிடந்தன.

"விடுப்பா," என்றார் சாமி. "பிழியறதுக்கு நான் என்ன மாவா?"