கழுவாத கல்

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் மனிதரோடு பேசும். மனிதரும் பதில் சொல்வார்கள். ஆனால் கண்ணில் படாத ஒன்று பேசினால் மட்டும் அதை யாரும் நம்பியதில்லை.

தெற்குக் கடற்கரையில் செம்பி என்று ஒருத்தி இருந்தாள். கடலில் முங்கிப் பாசி எடுப்பது அவள் தொழில். யாரையும் லேசில் நம்பமாட்டாள். சங்கோ கயிறோ, கடலிலிருந்து வந்த எதையும் கிணற்று நீரில் இரண்டு தடவை அலசாமல் வாசலைத் தாண்ட விடமாட்டாள். கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வருமோ என்ற பயம்.

ஒரு கோடையில் கடல் சுட்டது. பவளப் பாறைகள் வெளுத்தன. வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சிறு மீன்கள், வரிச்சியும் அவள் புருஷன் வரியனும், கரையோரப் பள்ளம் ஒன்றில் ஒதுங்கியிருந்தன.

"தாயி, இந்தப் பள்ளமும் நாளுக்கு நாள் சூடாகுது. மழை வர்ற வரைக்கும் எங்களுக்கு ஒரு இடம் குடு" என்றாள் வரிச்சி.

செம்பியின் வீட்டருகே பூவரச நிழலில் ஒரு கல்தொட்டி இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, ஆழத்துக் கடல்நீரை நிரப்பி, இருவரையும் விட்டாள். நீர் பளிங்கு போல இருந்தது. மூன்றாம் நாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் சிவந்திருந்தது. செம்பி பதறிப்போய் அவர்களைப் பள்ளத்திலேயே கொண்டுபோய் விட்டாள்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த நண்டு ஒன்று ஒரு காலை நீரில் விட்டு ருசி பார்த்தது.

"மீனோட கழிவே மீனுக்கு நஞ்சாயிடுச்சு. கடல்ல அதைத் தின்ன ஆள் இருக்கு. உன் தொட்டியில யாரு இருக்கா?"

"எந்த ஆள்?"

"கல்லுல குடியிருக்கிறவங்க. கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. ஒரு பழைய கடல்கல்லை எடுத்து அப்படியே போடு. அவங்க பசியாற ஒரு இறால் துண்டும் போடு. அப்புறம் பொறுத்திரு."

செம்பிக்கு முதலில் நண்டின் மீதே சந்தேகம் வந்தது. இறாலைத் தின்ன வழி பண்ணுகிறதோ? அவளுடைய மதினி வெள்ளச்சி அதற்குமேல் போனாள்.

"அடி செம்பி, மூஞ்சி தெரியாதவனை வீட்டுல குடிவைப்பாங்களா? திருடன்கூட ஒரு தடவை தலையைக் காட்டுவான்."

இருந்தாலும் வரிச்சியை நினைத்து, செம்பி ஒரு கல்லைக் கழுவாமல் கொண்டுவந்து போட்டாள், இறால் துண்டையும் போட்டாள். தொட்டியை ஓலைப்பாயால் மூடினாள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கச் சுற்றிலும் மணலைப் பரப்பினாள். மணலில் ஒரு தடமும் விழவில்லை. அது அவள் சந்தேகத்தைக் கூட்டியது.

"கல்லுல காதை வச்சுக் கேளு" என்றது நண்டு.

கேட்டாள். "இருக்கோம், பொறு" என்பது போல ஓர் இரைச்சல். சங்கில்கூடத்தான் இப்படி இரைகிறது என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நீர் பால் போலக் கலங்கியது. இறால் அழுகி நாறியது. இருபது நாள் கழித்து நண்டு மறுபடி காலை நனைத்தது.

"பழைய நஞ்சு போயிடுச்சு."

"அப்ப மீனை விடலாமா?"

"விடாதே. இப்ப வேற நஞ்சு இருக்கு."

செம்பியின் முகம் மாறியது. "முதல் நஞ்சைத் தின்னது யாரு?"

"அவங்கதான்."

"இந்த நஞ்சை விட்டது?"

நண்டு தயங்கியது. "அதுவும் அவங்கதான். ஆனா..."

"நான் சொல்லலையாடி? சோறு போட்ட வீட்டுலயே விஷம் வச்சிருக்காங்க" என்றாள் வெள்ளச்சி.

செம்பி அதற்குமேல் கேட்கவில்லை. தொட்டி நீரைக் கவிழ்த்தாள். கல்லைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய், தேங்காய் நாரால் தேய்த்து, நன்னீரில் இரண்டு தடவை அலசினாள். வழுவழுப்பு போனது. கல் வெளுத்தது.

பிறகு எதற்கோ அதைக் காதருகே கொண்டுபோனாள். இரைச்சல் இல்லை. ஆழத்தில், ஒரு துளைக்குள்ளிருந்து மட்டும் மெல்லிய குரல் வந்தது.

"எங்க மிச்சத்தைத் தின்ன எங்க தம்பிமார் உண்டு. மெதுவா வர்றவங்க. நேத்துத்தான் வந்து சேர்ந்தாங்க. எல்லாரையும் ஊத்திட்டியே. பொறுன்னு சொன்னோம், நீ நம்பலை. இனி உங்ககிட்ட எங்களுக்குப் பேச்சு இல்லை."

செம்பி கல்லை இறக்கி வைக்கவும் தெரியாமல் நின்றாள். பிறகு மறுபடி கடல்நீர் எடுத்தாள். அதே கல்லை வைத்தாள். பக்கத்தில், கழுவாத இன்னொரு கல்லையும் ஓர் இறால் துண்டையும் போட்டாள். இந்தத் தடவை மணலைப் பரப்பவில்லை. காதை வைத்தும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நீர் கலங்கியது, நாறியது. ஒரு நஞ்சு போய் இன்னொன்று வந்தது. கழுவக் கை பரபரத்தது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளத்து நீர் இதற்கிடையில் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது.

நாற்பது நாளைத் தாண்டி ஒரு காலையில் நண்டு எட்டுக் காலையும் நனைத்து, "ரெண்டும் இல்லை" என்றது.

"நீ முதல்ல இறங்கி உட்காரு" என்றாள் செம்பி. அவளால் அப்போதும் அப்படித்தான் கேட்க முடிந்தது. நண்டு அன்று முழுக்க உள்ளே உட்கார்ந்து காட்டியது.

மறுநாள் பள்ளத்துக்கு ஓடினாள். வரிச்சி மட்டும்தான் இருந்தாள். வரியன் செத்துப்போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

தொட்டிக்குள் விட்டதும் வரிச்சி கேட்டாள்: "நடுவுல கழுவுனியா, தாயி?"

"கழுவினேன்."

வரிச்சி கல்லின் ஓரமாகப் போய், பக்கத்தில் இன்னொரு மீனுக்கு இடம் விட்டு நின்றுகொண்டாள்.

அன்று முதல்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் யாரோடும் பேசாமல் வேலை செய்கிறார்கள். கடல்நீர் நிரப்பிய புதுத் தொட்டி முதலில் கெட்டு, மறுபடியும் கெட்டு, அதன் பிறகே நல்லதாகிறது. அதில் பழைய கல்லைக் கழுவாமல் வைத்துவிட்டு, மீன் விட நினைப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சந்தேகத்தோடு காத்திருக்கிறார்கள்.