முனியப்பன் பங்கு

வேடியப்பன் சாராயம் காய்ச்சினால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் தேடி வரும். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறல் போட்ட பானையை மோந்து பார்த்தே எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவான். ஐம்பது வயதில் என்ன தோன்றியதோ, பானையைத் தம்பி தீர்த்தனிடம் கொடுத்துவிட்டு அடிவாரத்தில் இருந்த குருவிடம் சீடனாகச் சேர்ந்தான். குருவுக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு.

சேர்ந்த புதிதில் குரு ஒருநாள் சொன்னார்.

"சாமி எதையும் தின்னாது, குடிக்காது. படையல் எல்லாம் நம்ம பயம்."

புதுச் சீடனுக்கு வாய் சும்மா இருக்குமா? நேரே மலையேறிப் போனான். அடுப்பு மூட்டினால் முதலில் வடிகிற ஒரு செம்பை முனியப்பன் கல்லில் ஊற்றிவிட்டுத்தான் மிச்சத்தைப் பிடிப்பது அவர்கள் வழக்கம். அப்பன் பாட்டன் யாரும் அதில் தவறியதில்லை.

"கல்லு குடிக்குமாடா? வீணாத்தான் போவுது. எடுத்துக்கோ" என்றான் தம்பியிடம்.

தீர்த்தன் அண்ணன் பேச்சைத் தட்டாதவன். ஆனாலும் சாமி பங்கை விற்க அவனுக்கு மனசு வரவில்லை. காய்ச்சும்போதெல்லாம் அந்த முதல் செம்பைத் தானே குடித்தான். ஒரு மாதத்தில் இரண்டு கண்ணும் போயிற்று. முதலில் வடிவதுதான் விஷம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வேடியப்பன் குருவின் முன்னால் வந்து நின்றான்.

"தம்பி கூப்பிட்டு அனுப்பியிருக்கான், சாமி. ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். எனக்குப் போகக் காலு வரல."

"என்ன கேப்பான்?"

"அது வெஷம்னு உனக்குத் தெரியுமான்னு கேப்பான்."

"தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. சாமி பங்குன்னுதான் எங்கப்பன் சொன்னார். அவருக்கே தெரியுமோ என்னமோ."

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா. நானும் வர்றேன்."

தீர்த்தன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தத்தை வைத்தே அண்ணனைக் கண்டுகொண்டான்.

"வாண்ணா. உன்மேல கோவமெல்லாம் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லு. முனியப்பன் குடிக்கமாட்டார்னு உனக்கு யாரு சொன்னது?"

வேடியப்பன் குருவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு."

குரு கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தீர்த்தனின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"உங்கண்ணன் பொய் சொல்றான். சொன்னது நான்" என்றார். "உங்க பாட்டன் காலத்துலேருந்து, உங்களுக்குப் பதிலா முனியப்பன்தான் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கார்."